தெளிந்த தண்ணீர் இரண்டு வாளி

கூட்டுறவு ஒயின் ஆலையின் ஆண்டு மலருக்கு என் அண்ணியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தொரு வருஷம் பாலத்துக் காவலில் இருந்துவிட்டு இந்த மாதம் ஓய்வு பெறுகிறாள். "நாத்தனார் நீ இருக்கும்போது வேற யாரு எழுதறது?" என்றார் ஆலைத் தலைவர். படத்துக்கு இடம் விட்டு ஒரு பக்கம் போதுமாம். மரியாதையாக 'ஆர்' போட்டு எழுதவேண்டுமாம். எனக்கு அது வராது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் இந்த வீட்டுக்குள் வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. ஒரு பக்கத்தில் இது அடங்கவும் அடங்காது. நீளமாகத் தெரிந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். கவாத்துச் செய்யத் தெரியாதவர்களா நீங்கள்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணி சரியான பயந்தாங்கொள்ளி. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், ஊசிக்குப் பயம், டெலிபோன் மணிக்குப் பயம், பின்னாலிருந்து வரும் சைக்கிளுக்குப் பயம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள்; தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பாள். "உங்க அண்ணி தன் நிழலை மிதிச்சாக்கூட மன்னிப்பு கேப்பா" என்று என் அண்ணன் கேலி செய்வான். நான் நேர் எதிர். வீட்டுக்குள் பாம்பு வந்தால் கம்பை எடுப்பவள் நான், நாற்காலி மேல் ஏறுபவள் அவள். எனக்கு வாயும் பெரிது. இதை நான் சொல்லித்தான் ஊருக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

இப்படிப்பட்டவளைப் போய்க் காவலுக்கு வைத்திருக்கிறார்களே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்களுக்காக இந்தப் பள்ளத்தாக்கின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம்.

நம் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஆற்றுப்படுகை. ஆறு ஒதுங்கிப் போனபோது இரண்டு ஆள் உயரத்துக்கு மணலை விட்டுவிட்டுப் போனது. ஊற்றுகிற தண்ணீர் அடுத்த நிமிஷம் காணாமல் போய்விடும். பின்னால் மொட்டைக் கல்மலை, முன்னால் எட்டும் தூரத்தில் கடல். காலையில் மூடுபனி, மதியம் இரண்டு மணிக்குக் கடிகாரம் பார்த்து வருகிற மாதிரி கடல் காற்று. மழை வருஷத்தில் நாலைந்து முறை முகம் காட்டினால் அதிகம். இங்கே திராட்சையைத் தவிர வேறெதுவும் பிழைப்பு நடத்த முடியாது. கொடி தண்ணீரைத் தேடி ஆழத்துக்குப் போகும். பழம் சிறுத்து, தோல் தடித்து, கறுத்து இருக்கும். காற்று இலையை உலர்த்திவிடுவதால் பூஞ்சணம் அண்டாது. ஆலையில் சாற்றின் சர்க்கரையை அளப்பது என் வேலை என்பதால் அடித்துச் சொல்கிறேன்: நம் ஒயினுக்குக் கிடைத்த நல்ல பேரில் நம்முடைய சாமர்த்தியம் கால் பங்குகூட இல்லை, மீதி எல்லாம் மணலின் வேலை.

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் வேர்ப்பேன் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மஞ்சள் பூச்சி. வேரில் உட்கார்ந்து உறிஞ்சும். மூன்று நான்கு வருஷத்தில் கொடி நின்றபடியே சாகும். மலைக்கு அந்தப் பக்கம் பத்து வருஷத்துக்குள் ஒரு கொடி மிச்சமில்லை. ஜனங்கள் தோட்டத்தைக் கொளுத்திவிட்டுக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள், பேனால் கொல்ல முடியாத காட்டுக்கொடியின் வேரில் நல்ல கொடியை ஒட்டுக்கட்டிப் பிழைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் மட்டும் எதுவும் ஆகவில்லை. முன்னோர் செய்த புண்ணியம் என்று சொல்லிக்கொண்டோம். புண்ணியமாவது மண்ணாவது! மணலில் அந்தப் பூச்சியால் நடக்க முடியாது, அவ்வளவுதான். அதனால் இன்றைக்கும் நம் கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. ஒன்று செத்தால் பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போடுகிறோம். ஆனால் இந்த மணலுக்கு நடுவே அங்கங்கே களிமண் ஓடுகிறது, உடம்புக்குள் நரம்பு ஓடுகிற மாதிரி. களிமண்ணில் பேன் நடக்கும். எந்த நரம்பு எங்கே கிளம்பி யார் தோட்டத்துக்கு அடியில் போகிறது என்று எவருக்கும் தெரியாது. அதற்குத்தான் பாலத்தில் காவல்.

ஊருக்குள் வர அந்தப் பாலம் ஒன்றுதான் வழி. பாலத்தின் இந்த முனையில் ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு பெஞ்சு, கம்பி பிரஷ், தகரக் கூரை. வெளியூர் மண்ணை மிதித்த எந்தக் காலும் அங்கே நின்று, கழற்றி, கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். செடி, கிளை, பூந்தொட்டி எதற்கும் அனுமதி இல்லை. அண்ணிக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர்கள் எல்லாம் தைரியசாலிகள். பெரிய மனுஷன் வந்தால் கும்பிடு போட்டு அப்படியே உள்ளே விட்டுவிடுவார்கள். அண்ணிக்குப் பெரிய மனுஷனிடமும் பயம், பேனிடமும் பயம். பேனிடம் கொஞ்சம் அதிகம். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க சார், பூட்ஸக் கழட்டிடுங்க சார்" என்று அழாத குறையாகச் சொல்வாள். அவள் நடுங்குவதைப் பார்த்து எதிரில் நிற்பவனுக்கே பயம் பிடித்துக் கழற்றிவிடுவான். 'பூட்ஸ்காரி' என்று பட்டப்பேர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் அவள் இருந்த வரைக்கும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

வேலையைப் பார்த்தால் சாதாரணம். கழற்றிய பூட்ஸை மடியில் கவிழ்த்து வைத்து, அடிப்புற வரிகளில் சிக்கிய மண்ணை மெல்லிய ஆணியால் நோண்டி எடுப்பாள். பிறகு பிரஷ். பிறகு தொட்டியில் மூன்று முக்கு. லேஸைக்கூட அலசுவாள். சாயங்காலம் தொட்டியை ஒரு மணி நேரம் கலக்காமல் விட்டுவிட்டால் மண்ணெல்லாம் அடியில் தங்கிவிடும். அந்த அடிச்சேற்றை வழித்துச் சுண்ணாம்புக் குழியில் கொட்டி மூடுவாள். வறட்சி ஆரம்பித்த வருஷத்திலிருந்து மேலே தெளிந்து நின்ற தண்ணீர் மட்டும் இரண்டு வாளியாக வீட்டுக்கு வந்தது. எங்கள் தோட்டத்தின் கீழ்மூலையில் புதிதாகப் பதியம் போட்ட கொடிகள் இருந்தன. அவற்றின் காலடியில் அது போய்ச் சேர்ந்தது. ஒரு தூசி இருக்காது. அள்ளிக் குடிக்கலாம் போலிருக்கும்.

என் அண்ணன் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனான். கவாத்துக் கத்தரி கையில் இருக்க, கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு அண்ணியின் அண்ணன் வந்தார். பத்து மணி நேரப் பயணத்தில் இருக்கிற இன்னொரு திராட்சை நாட்டில் அவர் தோட்ட மேஸ்திரி. தந்தி போனபோது வயலில் நின்றிருந்தார். நின்ற கோலத்தில் பஸ் ஏறியிருக்கிறார். பூட்ஸில் அரை அங்குலத்துக்கு அந்த ஊர்ச் சேறு.

அன்றைக்குப் பாலத்தில் ஆலை வாட்ச்மேன்தான் இருந்தார். தன் அண்ணனை எதிர்கொள்ள அண்ணி தானே பாலம் வரை போனாள். நானும் கூடப் போனேன். அவரைப் பார்த்ததும் வாட்ச்மேன் பிரஷைக் கையில் எடுத்தார். அதற்குள் அவர் தங்கையைக் கட்டிக்கொண்டு, "நான் இருக்கேன்டா, நான் இருக்கேன்டா" என்று கதற ஆரம்பித்துவிட்டார். கட்டிக்கொண்டு அழுகிற மனுஷனிடம் பூட்ஸைக் கழட்டு என்று எப்படிச் சொல்வது? அண்ணி அவர் தோளுக்கு மேலாகக் கையை அசைத்தாள், விடுங்கள் என்று. வாட்ச்மேன் விட்டுவிட்டார். அண்ணியின் அண்ணன் மேல்பக்கத்துப் பாதையில் கொடிகளின் ஓரமாகவே நடந்து வீட்டுக்கு வந்தார்.

ஊர் அதை அன்றே மறந்துவிட்டது. நானும் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அறுவடைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்த ஒரு காலை. காபி ஆறிக்கொண்டிருந்தது, அண்ணியைக் காணோம். மூடுபனி முழங்கால் வரை கிடந்தது. தேடிக்கொண்டு தோட்டத்துக்குள் போனேன். கீழ்மூலையில் அவள் குனிந்து நின்று, கொடியிலிருந்து இலைகளைக் கிள்ளிக் கிள்ளி முந்தானையில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

ஆடு திருடினவள் போல முழித்தாள். "ஒண்ணுமில்ல. இலை கொஞ்சம் பழுத்திருக்கு. பார்க்க நல்லால்ல, அதான்."

"இந்த மாசத்துல இலை ஏன் பழுக்குது?"

அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். மஞ்சள் இலைகள் காலடியில் கொட்டின. நிமிர்ந்து பார்த்தேன். பதினோரு கொடிகள் சோர்ந்து நின்றன. மற்றக் கொடிகள் தோள் உயரம் போயிருந்த இடத்தில் இவை இடுப்பைத் தாண்டவில்லை. 

"எத்தனை நாளா?"

"போன வருஷம் நாலு கொடி. இந்த வருஷம் பதினொண்ணு." அவள் குனிந்து, கொட்டிய இலைகளைப் பொறுக்கினாள். "அடக்கத்தன்னிக்கு எங்க அண்ணனைக் கழுவாம விட்டுட்டேன். நான்தான் கையைக் காட்டினேன். ஊரையே கழுவினேன், சொந்த அண்ணனை விட்டுட்டேன்."

பேன் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொன்னால் அது எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும் போல இருந்தது.

சட்டம் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். பேன் உறுதியானால் அந்தக் கொடிகளையும் சுற்றி இருபது அடிக்கு நல்ல கொடிகளையும் வேரோடு பிடுங்கி, அங்கேயே குழி வெட்டி எரிக்கவேண்டும். களிமண் நரம்பு நீளமாக ஓடினால் எரிப்பதும் அதோடு ஓடும். அந்தத் தோட்டம்தான் எங்கள் சோறு. அண்ணன் உட்கார்ந்து செத்த வரிசையும் அதில்தான் இருக்கிறது. அதற்கு மேல், பூச்சியை உள்ளே விட்டவள் பாலத்துக் காவல்காரி என்று தெரிந்தால் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கமுடியுமா? அவளுக்காக மட்டும் நான் பயப்படவில்லை. என் சோற்றுக்கும் சேர்த்துத்தான் பயந்தேன்.

கோபம் வந்தால்தான் எனக்குப் பயம் அடங்கும். அண்ணியின் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வரத் தெரியாத மேஸ்திரி ஒரு மேஸ்திரியா என்று கேட்டேன். பிறகு தீர்மானமாகச் சொன்னேன்: "அறுவடை முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்." என்ன பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் அவள் தலையாட்டினாள். வீட்டில் பாம்பு வந்தால் கம்பெடுப்பவள் நான்தானே.

அடுத்த நான்கு வாரம் எப்படிப் போனது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தினமும் விடிந்ததும் இரண்டு பேரும் போய் மஞ்சள் இலையைக் கிள்ளுவோம், கொண்டுவந்து அடுப்பில் போடுவோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. கிள்ளக் கிள்ள இன்னொன்று பழுத்தது. பதினொன்று பதினாறானது. அண்ணி பாலத்தில் பூட்ஸைத் தேய்க்கிற வேகத்தில் விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. ஒரே ஜோடியை இரண்டு தடவை கழுவினாள். வருகிறவர்கள் சிரித்தால் 'தெரிஞ்சிருக்குமோ' என்றாள்; சிரிக்காவிட்டால் 'தெரிஞ்சுபோச்சு' என்றாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் அண்ணன் டெலிபோன் செய்வார். அவள் எடுக்கவில்லை. மணி அடிக்க அடிக்க அதன் மேல் தலையணையை வைத்து அமுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். நாலு ஞாயிறும் அப்படித்தான்.

"எடுத்து நல்லா கேளுங்களேன் அவரை" என்றேன்.

"என்ன கேக்க? அழுதியே, ஏன் அழுதேன்னு கேக்கவா?"

ஐந்தாவது வாரம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்தார். எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பார் என்பதால் ஊருக்கே அவர் முணுமுணு மாமா. அன்று அவர் முணுமுணுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஓர் இலை. விளிம்பு பச்சை, நடுவில் மஞ்சள்.

"ஏம்மா, நம்ம வேலியோரத்துல ரெண்டு மூணு கொடி இப்படி ஆயிருக்கு. ராத்திரி தூக்கமே வரல. உங்க பக்கம் ஏதாவது இருக்கா? உங்க பக்கம் இல்லன்னா எனக்கும் இல்லன்னு வச்சுக்குவேன். பூட்ஸ்காரி வீட்டுல இல்லாதது என் வீட்டுக்கு எப்படி வரும்?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க பக்கம் ஒண்ணுமே இல்ல மாமா. தண்ணி பத்தாம இருக்கும். எல்லா இடத்துலயும் அப்படித்தானே கிடக்கு."

மாமா பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்து, பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டார். இலையைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு, "அப்பாடா, இப்பத்தான் உயிர் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படலைச் சாத்தும் சத்தம் கேட்கும் வரை அண்ணி அசையவில்லை.

பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"எங்க போறீங்க?"

"பூச்சி டாக்டர்கிட்ட." பூச்சி டாக்டர் என்றால் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த தாவர அதிகாரி. "மாமா என்னை நம்பித் தூங்கப் போறாரு. அந்தத் தூக்கத்துல அவர் தோட்டம் செத்துப்போகும்."

"அண்ணி, நில்லுங்க. ரெண்டே வாரம்—"

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். "நீ வேணாம்னு சொல்லாத. சொன்னா நின்னுடுவேன்."

நான் சொல்லவில்லை. அந்த ஒரு நல்ல காரியம் நான் செய்தது. கதவை இழுத்துப் பார்க்காமல் அவள் தெருவில் இறங்கிப் போனதை முதல்முறையாகப் பார்த்தேன்.

மறுநாள் காலை பூச்சி டாக்டர் மண்வெட்டியும் பூதக்கண்ணாடியுமாக வந்தார். தலைவரும் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா வந்து நின்றார், எங்களைப் பார்க்கவில்லை. டாக்டர், வாடிய கொடியைத் தொடாமல் பக்கத்தில் பச்சையாக நின்ற கொடியின் அடியில் தோண்டினார். "செத்த வேர்ல பேன் இருக்காதும்மா. சாப்பாடு தீர்ந்ததும் அடுத்த வீட்டுக்குப் போயிடும்." கை நிறைய வேரை எடுத்து உதறினார். நுனிகள் பறவை அலகு மாதிரி வீங்கி வளைந்திருந்தன. பூதக்கண்ணாடியை நீட்டினார். வீக்கத்தின் மேல் மஞ்சள் பொடியாக எதுவோ ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொடி நகர்ந்தது.

அண்ணி சத்தமாகச் சொன்னாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "நான்தான் சார். எங்க அண்ணனை பூட்ஸோட விட்டேன். மூணு வருஷம் ஆச்சு. எல்லாம் அதுதான்."

அவள் அண்ணன் எந்த வழியாக வந்தார் என்று டாக்டர் கேட்டார். மேல்பாதையைக் காட்டினாள். அங்கே போய் மூன்று இடத்தில் தோண்டினார். வேர் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. மணலை உள்ளங்கையில் அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

"இது சுத்த மணல். அவர் பூட்ஸ்ல பேன் வந்திருந்தாலும் ரெண்டு அடி தாண்டியிருக்காது. உங்க அண்ணன் இல்லம்மா."

திரும்பக் கீழ்மூலைக்கு வந்தார். கொடிகளை எண்ணி எண்ணி, சுற்றிச் சுற்றி நடந்தார். தரையில் சிந்திய எண்ணெய் பரவுகிற மாதிரி நடுவிலிருந்துதான் பேன் பரவும் என்றார். நடுவைத் தேடிக்கொண்டு வந்து நின்ற இடத்தில் வேலிக்கம்பு ஒன்று இருந்தது. கம்பில் இரண்டு வாளிகள் கவிழ்ந்து தொங்கின.

"இது எதுக்கு இங்க?"

 டாக்டர் வாளியை எடுத்து அடியை விரலால் தடவி, விரலைப் பார்த்தார்.

"தொட்டித் தண்ணியா?"

"தெளிஞ்ச தண்ணி சார்" என்றாள் அண்ணி. குரல் உள்ளே போய்விட்டது. "சேறெல்லாம் குழியிலதான் போட்டேன். இது தெளிஞ்சது."

"இந்தப் பூச்சியோட குஞ்சு தூசியை விடச் சின்னதும்மா. தண்ணியில மிதக்கும். தெளிஞ்சு நிக்கறதே உங்க கண்ணுக்குத்தான்." அவர் கடுமையாகச் சொல்லவில்லை. "இங்க மட்டும் மண் களியா இருக்கு. மணல்ல ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

வறட்சி ஆரம்பித்து ரெண்டு வருஷம். ஊருக்குள் வந்த அத்தனை பூட்ஸையும் கழுவி, அத்தனை ஊர்ப் பூச்சியையும் பத்திரமாகச் சேர்த்து, எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு பொல்லாத மூலை எதுவோ அங்கே கொண்டுவந்து ஊற்றியிருக்கிறோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமா அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேலியே பயிரை மேஞ்ச கதையா ஆயிடுச்சே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்று மாலையே ஆலையில் கூட்டம். தோட்டக்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அண்ணியை முன்னால் நிற்க வைத்துத் தலைவர் கேட்டார்: "தண்ணி முழுசும் குழிக்குப் போகணும்னு சட்டம் இருக்குல்ல? எடுத்துட்டுப் போகலாம்னு உங்களுக்கு யோசனை சொன்னது யாரு?"

இங்கேதான் நான் நிறுத்தவேண்டும். உங்களில் பாதிப் பேர் அன்று அந்த அறையில் இருந்தீர்கள். நான் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த யோசனை என்னுடையது. வறட்சி ஆரம்பித்த வருஷம், அண்ணி தொட்டித் தண்ணீரை மொத்தமாகக் குழியில் கவிழ்க்கப் போனபோது நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன். "கொடியெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுட்டு நிக்குது, நீங்க கண்ணாடி மாதிரி தண்ணியைக் குழியில கொட்டறீங்களே, இது பாவமில்லையா?" என்றேன். அவள் பயந்தாள். சட்டம் இருக்கிறதே என்றாள். "உங்களுக்கு எதைக் கண்டாத்தான் பயமில்ல?" என்று சிரித்தேன். இரண்டு வாளியில் ஒன்று அவளுடையது, மற்றது என்னுடையது. ரெண்டு வருஷம் தினமும் சாயங்காலம் நானும் தூக்கி வந்து ஊற்றியிருக்கிறேன்.

அண்ணி கூட்டத்தைப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. 

"யாரும் சொல்லல. எனக்கே தோணிச்சு. நான்தான் ஊத்தினேன்" என்றாள்.

எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?  இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாம்பை அடித்த கை.

எங்கள் பக்கம் நூற்று நாற்பது கொடி, மாமா பக்கம் அறுபத்து மூன்று. வேரோடு பிடுங்கி, குழியில் போட்டு மூன்று நாள் எரித்தார்கள். அண்ணன் உட்கார்ந்த வரிசை இரண்டு அடியில் தப்பியது. புகை காற்றோடு மலைப் பக்கம் போனது. அண்ணி மூன்று நாளும் அங்கேயே நின்றாள். மாமா இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் முகம் திருப்பவில்லை. அடுத்த நான்கு கோடையும் டாக்டர் வந்து தோண்டினார்.  நான்காவது கோடையில்தான் "இனிமே நான் வரவேண்டியதில்ல" என்றார்.

அவளை வேலையிலிருந்து எடுப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். தலைவர் எடுக்கவில்லை. "இவங்களை விடப் பயந்த ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?" என்றார். அதன் பிறகு அவள் ஒரு சொட்டு விடாமல் குழியில் ஊற்றினாள்.

கூட்டம் முடிந்து வந்த அந்த மாலையே அவள் டெலிபோனை எடுத்தாள். தானாக டெலிபோனை எடுத்ததும் அதுதான் முதல்முறை. "அண்ணா, நீ இல்லண்ணா" என்றாள். அழுகையில் மேலே வரவில்லை. அந்தப் பக்கம் அவர், "என்ன நான் இல்ல? யாரு இல்ல? என்னடா ஆச்சு?" என்று கத்துவது எனக்குக் கேட்டது. அடுத்த வாரமே பஸ் ஏறி வந்துவிட்டார். பாலத்தில் அவரை பெஞ்சில் உட்கார வைத்து, கழற்றச் சொல்லி, அவர் பூட்ஸை அவளே மடியில் கவிழ்த்துக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவரை நாலு வாரம் திட்டிய வாயால் என்னால் அவரோடு சரியாகப் பேசக்கூட முடியவில்லை.

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் வாளியைக் குழிப் பக்கம் தூக்கினேன். அப்போதுதான் கேட்டேன்.

"ஏன் அண்ணி என் பேரைச் சொல்லல?"

அவள் ஆணியைத் துடைத்து மாடத்தில் வைத்தாள். "நீயும் பயந்துட்டா நம்ம வீட்டுல தைரியமா இருக்கறதுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினோரு வருஷமாக நான் தைரியசாலியாக நடித்துக்கொண்டிருக்கிறேன். மாமா வழியில் பார்த்து, "உன் அண்ணி பண்ணின வேலை" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் பேசாமல் நின்றிருக்கிறேன்.  படத்துக்கு இடம் விடவேண்டும் என்றால் மற்றதை வெட்டுங்கள். இதை மட்டும் வெட்டாதீர்கள்: இரண்டாவது வாளி என்னுடையது.